கருக்காத்தான் திட்டின் நாலெல்லை

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொள்ளிடத்தின் நடுவே பதினொரு வீடும் நானூறு வாழையும் கூரை போட்ட ஒரு மாரியம்மன் கோயிலுமாகக் கிடந்த கருக்காத்தான் திட்டு, ஆற்றை எதிர்த்து மேற்கே நகர ஆரம்பித்தது. ஏன் என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. கேட்டவன் வாய்தான் வலித்தது.

முதலில் கண்டது தையல்நாயகி. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆனவள், நானூறு வாழையில் நூற்றிருபது அவளுடையது, குரல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கேட்கும். வாசல் தெளிக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்தால், வடகரையில் நேர் எதிரே இருக்க வேண்டிய மங்கையர்க்கரசியின் டீக்கடை ஒரு கல்லெறி தூரம் கிழக்கே தள்ளி இருந்தது. தெளித்துவிட்டுக் கோலமும் போட்டுவிட்டு, "மங்கை கடையை மாத்திட்டா போலிருக்கு, ஒரு வார்த்தை சொல்லலை பாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். மறுநாள் கடைக்குப் பின்னால் இருந்த அரசமரமும் தள்ளிப் போயிருந்தது. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடம், அதற்கு மறுநாள் ரேஷன் கடை, ஐந்தாம் நாள் ஊரே கிழக்கே போய் மறைந்து, எதிரே வேறு ஊர், வேறு படித்துறை, வேறு நாய்கள் வந்து நின்றன. அப்போதுதான் திட்டில் இருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது.

நாளுக்கு ஒரு கூப்பிடு தூரம். அவ்வளவுதான் அதன் வேகம். ஆடவில்லை, குலுங்கவில்லை, சொம்பில் இருந்த தண்ணீர் தளும்பவில்லை, ஐப்பசி மழையில் நுரைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தை மூக்கால் கிழித்துக்கொண்டு போயிற்று, பங்குனியில் ஆறு வற்றி வெறும் மணலானபோது மணலை விலக்கிக்கொண்டு போயிற்று, மாடு அசைபோடுவது மாதிரி, அவசரம் இல்லாமல், நிற்காமல்.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான். தபால்காரர் மூன்று மாதம் கரையோரம் சைக்கிளை மிதித்துத் தேடினார், பிறகு வாழைக் குருத்து தெரியும் இடத்தில் நின்று மணியடிக்கக் கற்றுக்கொண்டார். கடிதத்தில் விலாசம், 'கருக்காத்தான் திட்டு, இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே' என்று வந்தது, சரியாகவே வந்து சேர்ந்தது. பிள்ளைகள் எதிரே எந்தப் பள்ளிக்கூடம் வருகிறதோ அதில் போய் உட்கார்ந்தார்கள், அதனால் அசோகர் மரம் நட்டதை ஆறு முறை படித்தார்கள், பின்னக் கணக்கை ஒரு முறையும் படிக்கவில்லை. தை மாதம் ஒரு கல்யாணம் நடந்தது, பத்திரிகையில் 'அன்றைக்கு எந்த ஊர்ப் படித்துறை வாய்க்கிறதோ அங்கே படகு நிற்கும்' என்று அச்சடித்தார்கள், இருநூறு பேரும் தப்பாமல் வந்தார்கள், சாப்பாடுதான் பத்தவில்லை. கரையில் இருந்த ஊர்களும் பழகிவிட்டன. திட்டு எதிரே வரும் நாளில் ஊருக்குள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அனுப்புவார்கள், திட்டிலிருந்து ஒரு தார் வாழைக்காய் போகும். முதல் நாள் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாம் நாள் கீரை விற்க வருவார்கள், மூன்றாம் நாள் ஏதாவது ஒரு சண்டை வரும், முற்றுவதற்குள் திட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வைகாசியில் உத்தரவு வந்தது.

வெள்ளம் தடையில்லாமல் போக வேண்டும், ஆற்றில் உள்ள திட்டுகளையெல்லாம் வகைப்படுத்தி ஒரு பதிவேடு எழுத வேண்டும் என்று உத்தரவு. பதிவேட்டில் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரே ஒரு கட்டம். அதில் நிலம், நீர், கலம் என்ற மூன்றில் ஒன்று. நிலம் என்றால் இருக்கலாம். கலம் என்றால் படகு மாதிரி உரிமம் வாங்க வேண்டும், மிதவை கட்ட வேண்டும், பத்து வருஷத்துக்கு ஒரு முறை உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். நீர் என்றால், மேலே இருப்பதெல்லாம் ஆக்கிரமிப்பு. ஆடி முதல் தேதி ஜேசிபி வரும், ஆட்களை முப்பது மைல் தள்ளி ஒரு காலனிக்கு ஏற்றிவிட்டுத் திட்டை வெட்டி அள்ளி ஆற்றை ஆழப்படுத்துவார்கள். எதிலும் சேராதது நீரில் சேரும் என்று கடைசியில் ஒரு விதி. அந்தக் கடைசி விதிதான் எப்போதும் ஆளைக் கொல்வது.

வகைப்பாட்டு அலுவலர் ஜெயசீலன் என்று ஒருத்தர். முப்பது வயதுக்குள், பூகோளத்தில் பெரிய படிப்பு, கெட்ட மனுஷன் இல்லை. ஐந்து நிபுணர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கல் பார்க்கிறவர் ஒரு பிடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது வண்டல். எங்க படிப்புல வண்டல் ஒரு வழிப்போக்கன். லட்சம் வருஷம் ஒரே இடத்துல படுத்துக் கல்லாகட்டும், அப்ப நாங்க பேசறோம்" என்றார். நீர் பார்க்கிறவர் கரையில் உட்கார்ந்து ஓட்டத்தை அளந்தார். "எங்களுக்கு ஓடறதுதான் பாடம். ஆனா இது எதிர்த்து ஓடுது. எதிர்த்துப் போறது மீன்தான், மீன் எங்களோடது இல்ல" என்றார். வரைபடம் போடும் அம்மாள் கருவியை நட்டு மணிக்கணக்காகக் குறித்தாள், மறுநாள் வந்து பார்த்து, "இடம்னா பாகை, நிமிஷம், விநாடி. நேத்து எடுத்த கணக்குல இன்னிக்குத் தண்ணிதான் இருக்கு. இது இடமே இல்லை" என்று பெட்டியை மூடினாள். படகுக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கிறவர் திட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சுக்கான் எங்கே? துடுப்பு எங்கே? இதைக் கலம்னு நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும்" என்றார்.

மக்களைப் பற்றிப் படித்தவர் மிச்சம். கட்டில் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "இவங்க நாடோடிங்க" என்றார்.

"நாடோடின்னா யாருங்க?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"ஓரிடத்துல தங்காதவங்க. வீட்டை விட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பாங்க."

"நாங்க எங்க வீட்டை விட்டோம்? வீட்டோட இல்ல போறோம்?"

அவர் யோசித்தார். யோசித்து, தன் படிப்பில் அதற்குப் பெயர் இல்லை என்றார். இன்னொரு சொம்பு மோர் கேட்டார். கொடுத்தார்கள்.

ஐந்து பேரும் கைவிட்டால் கட்டம் காலி, காலி என்றால் நீர். ஆடி முதல் தேதிக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. திட்டில் சிலர் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். தையல்நாயகி போய் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துவிட்டாள். "யாராவது பாத்திரத்தை எறக்கினீங்க, நான் மனுஷி இல்ல" என்றாள். பிறகு மனு எழுதச் சொன்னாள். திட்டில் இருந்தவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள்: 'ஐயா, எங்கள் திட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு கரைகளும்தான் நாளுக்கு ஒரு கூப்பிடு தூரம் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. தயவுகூர்ந்து கரைகளை நிறுத்தித் தர வேண்டும்.'

பொய் இல்லை. ஏழெட்டு மாதமாக வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு வாசற்படி எங்கேயும் போகவில்லை.

தையல்நாயகி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மனுவை ஜெயசீலன் படித்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏம்மா, நகர்றது நீங்கம்மா."

"எதை வச்சுங்க சொல்றீங்க?"

"கரையை வச்சுத்தான்."

"நாங்க எங்க வாசப்படியை வச்சுச் சொல்றோம்."

"கரையில எத்தனை லட்சம் பேர் இருக்காங்க. உங்க திட்டுல நாப்பத்தேழு பேர்."

"அப்ப தலையை எண்ணித்தான் எது நிக்குது எது நகருதுன்னு சொல்லுவீங்களா? அதுக்கா சார் இவ்வளவு படிச்சீங்க?"

சிரிப்பு நின்றது. அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை, அவரே எழுந்து நின்றுகொண்டு சொன்னார். உலகத்தைப் பிரித்துப் படிக்க ரெண்டு வழி உண்டு, ரொம்ப நாளாக அதில்தான் சண்டை. ஒன்று, இது என்ன பொருள் என்று பார்ப்பது, கல்லைக் கல்லோடு, நீரை நீரோடு, மரத்தை மரத்தோடு சேர்ப்பது. இன்னொன்று, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பது, கல்லும் நீரும் மரமும் மனுஷனும் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தால் அதை ஒன்றாக எடுப்பது.

"கடைக்காரன் அடுக்கறது ஒண்ணு, வீட்டுக்காரி அடுக்கறது ஒண்ணு, அதானே?" என்றாள் தையல்நாயகி. "கடையில பருப்பெல்லாம் ஒரு பக்கம், சோப்பெல்லாம் ஒரு பக்கம். எங்க அடுப்படியில உப்பும் தீப்பெட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ரெண்டும் ஒரே சாதியா? கை எட்டணும், அவ்வளவுதான்."

ஜெயசீலன் தலையாட்டினார்.

"கடைக்கார வழியில அஞ்சு பேரைக் கூட்டியாந்தீங்க, அஞ்சு பேரும் கையை விரிச்சாச்சு. வீட்டுக்காரி வழியில எங்களை எடுத்துக்க உங்க சட்டத்துல இடம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

இருந்தது. பத்திரம் எழுதும் எவனுக்கும் தெரிந்த இடம்தான். ஒரு நிலத்தை எழுதும்போது அதன் மண் என்ன, மரம் என்ன என்று யாரும் தொடங்குவதில்லை, இன்னார் நிலத்துக்கு மேற்கே, இன்னார் மனைக்குக் கிழக்கே, வாய்க்காலுக்குத் தெற்கே, பாதைக்கு வடக்கே என்று நாலு பக்கத்தாரையும் சொல்லி நடுவில் மிச்சமிருப்பதை நிலம் என்பார்கள். "நாலெல்லை கொண்டாங்க. நாலு பக்கத்திலயும் இது எங்க அண்டை நிலம்னு சொல்ல ஆள் கொண்டாங்க. நான் நிலம்னு எழுதறேன்" என்றார் ஜெயசீலன். சொல்லிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பார்த்தார். அவள் அதற்குள் படியிறங்கியாயிற்று.

நடந்தாள். பஸ் இருந்த இடத்தில் பஸ், இல்லாத இடத்தில் நடை. திட்டு கடந்துபோன ஊர் வடகரையில் பதினாறு, தென்கரையில் பதினெட்டு, எல்லா ஊரிலும் படித்துறையில் நின்று குரல் கொடுத்தாள். கொள்ளிடக்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவனோடு என்ன மனத்தாங்கல் இருந்தாலும், மூன்றாம் மனுஷன் வந்து கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். அது மரியாதை. ஆகவே ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார்கள்: தங்கமான ஜனங்கள், வாழைக்காய் ருசியோ ருசி, எதிரே வந்து நின்ற நாலு நாளும் எங்களுக்குத் திருவிழா. முப்பத்துமூன்று ஊர் கையெழுத்து. கட்டித் தூக்கினால் ஒரு குழந்தை கனம்.

கையெழுத்துப் போடாதவன் ஒருத்தன்தான். தென்கரை ஆலவேலியில் அகோரம். அவளுடைய புருஷனின் உடன்பிறந்த தம்பி.

"என்ன அண்ணி, சாட்சி தேடி வந்தீங்களாக்கும்?" என்றான். "மாசி மாசம் உங்க திட்டு என் கொல்லை ஓரமா உரசிக்கிட்டுப் போச்சே, நான் கத்தினனே, யாராவது காதுல போட்டுக்கிட்டீங்களா? கொல்லை மூலையைப் பிச்சு ஒட்டவச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. அதுல அஞ்சு தென்னை. காய்ச்ச மரம்."

"காய் அனுப்பினேனே தம்பி."

"என் மரத்துக் காயை எனக்கு நீங்க யாரு அனுப்பறதுக்கு?"

"மரத்தைப் பிடுங்கியா அனுப்ப முடியும்?"

"முடியாதுல்ல? அப்ப கையெழுத்தும் முடியாது. ஜேசிபி வந்து வெட்டட்டும். என் அஞ்சு மரம் சாயறதைப் பார்த்துட்டுச் சந்தோஷமா சாவேன்."

"சாவு, அதுக்கும் நான்தான் வந்து ஒப்பாரி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

ஆடிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது கட்டைக் கொண்டுபோய் ஜெயசீலன் மேஜையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் தொங்கியது.

"இதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ்மா. நல்லவங்க, நல்லவங்கன்னு. ஒரு படகுக்காரனைப் பத்திக் கேட்டாலும் இப்படித்தான் எழுதுவாங்க. கடந்து போற மேகத்தைப் பத்திக் கேட்டாக்கூட நல்ல மேகம்னு எழுதுவாங்க. இதுல எல்லை எங்கே இருக்கு? மேல இருக்கிறவங்க ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டுடுவாங்க."

அவளுக்கு முதல் தடவையாகக் கால் வலித்தது. மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வெளியே சத்தம். பியூன் தடுக்கத் தடுக்க அகோரம் உள்ளே வந்து நின்றான், அண்ணி கதையை மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று அடுத்த பஸ்ஸில் ஏறிப் பின்னாலேயே வந்திருந்தான்.

"சார், இவங்க திட்டு மேல நான் புகார் குடுக்கணும். என் அஞ்சு தென்னை."

ஜெயசீலனுக்கு எரிச்சல். ஆளை அனுப்பினால் போதும் என்று அலமாரியைத் திறந்து படிவம் தேடினார். படகில் வந்து எடுத்துப் போனார்கள் என்றால் அது திருட்டு, போலீஸ் படிவம். ஆனால் மரம் வேரோடு மண்ணில் நின்று காய்த்துக்கொண்டிருக்கிறது, வேர் விட்டு நிற்பதைப் படகு என்று எப்படி எழுதுவது? ஆறு அரித்துக்கொண்டு போயிற்று என்றால் படிவமே கிடையாது, ஆற்றின்மேல் புகார் கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். அண்டை நிலத்தார் எல்லை மீறினால் கொடுக்கும் எல்லைத் தகராறு மனு, மஞ்சள் தாள். அதை உருவி எடுத்தார். மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

பேனா காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது.

தையல்நாயகி அந்தக் கையைப் பார்த்தாள், மஞ்சள் தாளைப் பார்த்தாள், அகோரத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து தன் கொழுந்தனின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எழுது தம்பி. ஒண்ணு விடாம எழுது. அஞ்சு மரம், எத்தனை காய், கொல்லை எத்தனை அடி, எல்லாம் எழுது. நான் உன்னைத் திட்டினதையும் எழுது."

"என்ன அண்ணி, கிண்டலா?"

"சத்தியமா இல்ல. உனக்கு வடக்கெல்லை எது? சொல்லு."

"உங்க நாசமாப்போன திட்டுதான்."

"அதை முதல் வரியில எழுது."

அவன் எழுதினான். எழுத எழுதக் கோபம் குறைந்து, கோபம் குறைகிறதே என்று மறுபடி கோபம் வந்து, பின்பக்கமும் எழுதினான். ஜெயசீலன் வாங்கி, முத்திரை குத்தி, மெல்லச் சொன்னார்: "தெற்கு ஆச்சு. இன்னும் மூணு பக்கம் இருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒண்ணு போதும்னு நினைக்காதீங்க. நிறைய இருந்தாதான் மேல நிக்கும்." சொல்லிவிட்டு ஒரு கட்டு மஞ்சள் தாளை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுபடி நடந்தாள். இந்தத் தடவை படித்துறையில் நின்று அவள் கேட்டது வேறு. "எங்க மேல உங்களுக்கு என்ன குறை? வெட்கப்படாம சொல்லுங்க. மரியாதை பார்க்காதீங்க. மரியாதை பார்த்தா எங்களை வெட்டிடுவாங்க."

முதலில் வாய் வரவில்லை. எப்படி வரும், நேற்றுத்தான் தங்கம் என்று எழுதிக் கொடுத்த வாய். குமிளங்காட்டில் ஒரு பெரியவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "குறைன்னு பெருசா இல்ல... உங்க ஆடு ஒண்ணு நீந்தி வந்து என் மிளகாய் நாத்தை மேஞ்சுது, அது பரவால்ல" என்றார். "பரவால்லன்னு எழுதாதீங்க" என்றாள். அதைக் கேட்டுப் பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப நானும் சொல்லலாமா?" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்தது. எங்கள் படித்துறையை நாலு நாள் மறைத்துக்கொண்டு நின்றீர்கள், குளிக்க முடியவில்லை. உங்கள் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் பிள்ளை பரீட்சையில் தோற்றான். உங்கள் வாழை நிழல் என் எள்ளு வயலில் விழுந்தது. எங்கள் ஊர் நண்டெல்லாம் உங்கள் பக்கம் ஏறிப் போய்விட்டது. என் மகள் துணி துவைக்கப் போனவள் உங்கள் திட்டில் ஏறி, திட்டு நகர்ந்து, இப்போது அங்கே குடும்பம் நடத்துகிறாள், மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள், ஒருவர் குறையைக் கேட்டு இன்னொருவருக்குத் தன் குறை நினைவு வந்தது, தீர்ந்த சண்டைகளைக்கூடத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். திட்டில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, படகை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்றவர்களை வேண்டுமென்றே நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தார்கள். வடக்கும் தெற்கும் இப்படி நிறைந்தன. மேற்கே, வலை கட்டியிருந்த மீன்காரர்கள் மூன்று பேர், திட்டின் மூக்கு வந்து வலையைக் கிழித்ததாக எழுதிக் கொடுத்தார்கள். மேற்கும் ஆயிற்று.

கிழக்கு மட்டும் இல்லை.

திட்டுக்குப் பின்னால் வெறும் தண்ணீர். விட்டுவிட்டு வந்த தண்ணீர். அந்தப் பக்கம் யார் மேல் போய் இடித்தோம், யார் வந்து குறை சொல்வார்கள்? மூன்று பக்கம் எல்லை உள்ளதை நிலம் என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆடிக்கு ரெண்டு நாள். தையல்நாயகி யோசித்தாள், யோசித்து முடிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாள், ரெண்டு பஸ் மாறி, பத்து மாதத்துக்கு முன்னால் திட்டு கிடந்த இடத்துக்கு எதிரே போய் இறங்கினாள். மங்கையர்க்கரசி டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை.

மங்கையர்க்கரசி ஏறிட்டுப் பார்த்தாள். டீ போட்டாள். வைத்தாள்.

"உனக்கு எங்க மேல ஏதாவது குறை உண்டா மங்கை?"

"எனக்கென்னடி குறை. நான் யாரு உனக்கு."

"அப்படிச் சொல்லாத. கேக்கத்தான் வந்தேன்."

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?" டம்ளரைக் கழுவ எடுத்தவள் கீழே போட்டாள். "இருபத்தியாறு வருஷம்டி. கதவைத் திறந்தா எதிர்ல உன் வீட்டுப் புகை. நீ வாசல் தெளிச்சாத்தான் நான் பாலை அடுப்புல வைப்பேன். ஒரு நாள் எழுந்து பார்த்தா வெறும் தண்ணி. போறேன்னு ஒரு குரல், ஒரே ஒரு குரல், ரெண்டு கரைக்கும் கேக்கிற குரல் உனக்கு, அதைக் குடுக்கத் தோணலை. பத்து மாசமா எனக்கு நேரம் தெரியலைடி. பால் தீஞ்சு போவுது."

தையல்நாயகி மஞ்சள் தாளை எடுத்தாள். நீட்டினாள். "நீதான் கடையை நகர்த்திட்டேன்னு நான் உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன் மங்கை" என்றாள்.

மங்கையர்க்கரசி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: 'எனக்கு எதிர் எல்லையாக இருந்த கருக்காத்தான் திட்டு, எனக்கு அறிவிப்புக் கொடுக்காமல் என் எல்லையை எடுத்துக்கொண்டு மேற்கே போய்விட்டது. அது இல்லாமல் என் கடை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.'

ஆனி கடைசி நாள் விசாரணை. அகோரம் உட்பட நாலு பக்கத்துக்காரர்களும் வந்து அலுவலகத்தை அடைத்துக்கொண்டு நின்று ஒரே சத்தமாகக் கத்தினார்கள், பெரிய அதிகாரி ஒருவர் மேலிடத்திலிருந்து வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிபுணர்களும் ஓரமாக நின்றார்கள். மஞ்சள் தாள் இருநூற்றுப் பன்னிரண்டு.

"இவ்வளவு பேர் இந்தத் திட்டு மேல புகார் குடுத்திருக்காங்களே, வெட்டி எடுத்துடலாமே ஒரே அடியா?" என்றார் பெரிய அதிகாரி.

அகோரம் முன்னால் பாய்ந்தான். "வெட்டிட்டா நான் யார் மேல சார் கேஸ் போடறது? என் அஞ்சு மரத்துக்கு யார் பதில் சொல்றது? ஆறா சொல்லும்?"

"என் நண்டு?" என்றது ஒரு குரல். "என் மகள்?" என்றது இன்னொன்று. எல்லாம் ஒரே நேரத்தில். சத்தத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்கவில்லை.

ஜெயசீலன் எழுந்து நின்றார். "சார், நீர் மேல எல்லைத் தகராறு வராது. படகு மேல எல்லைத் தகராறு வராது. உலகத்துல எந்த நாட்டுலயும் நிலத்துக்கு மட்டும்தான் சார் இந்தத் தகராறு. நாலு பக்கமும் சண்டை இருக்கு. இதைவிட நல்ல நிலத்தை நான் பதிவேட்டுல பார்த்ததில்லை."

பெரிய அதிகாரி கல் பார்க்கிறவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். மற்ற நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். பெரிய அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பேனாவை ஜெயசீலன் பக்கம் தள்ளினார்.

கட்டத்தில் ஜெயசீலன் 'நிலம்' என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் 'தகராறில் உள்ளது' என்று எழுதினார். எங்கே இருக்கிறது என்ற இடத்தில் அவருடைய பேனா நிற்கவில்லை, 'தகராறு செய்பவர்களுக்கு நடுவே' என்று எழுதிக் கோடு போட்டார்.

ஜேசிபி வரவில்லை. அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். புகார் கொடுத்தவர்கள் வாபஸ் வாங்கவில்லை, வாங்கினால் எல்லை போய்விடும் என்று தையல்நாயகியே வாங்க விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வழக்குக்கும் ஒவ்வொன்றாக அவள் போய் நிற்க வேண்டும், ஆடி பதினைந்து முதல் வாய்தா. அவளுக்கு வயது ஐம்பத்துமூன்று. அகோரம் வழக்கே பத்து வருஷம் இழுக்கும் என்றார்கள். "இழுக்கட்டும்" என்றாள்.

ஆடி முதல் தேதி காலையில் ஆற்றில் புதுத் தண்ணீர் சிவப்பாக வந்தது. திட்டு அதைக் கிழித்துக்கொண்டு, நாளுக்கு ஒரு கூப்பிடு தூரம் என்ற கணக்கு தப்பாமல், இதுவரை போகாத ஊர் ஒன்றின் எதிரே போய்ச் சேர்ந்தது. தையல்நாயகி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். வடகரையில் பல் துலக்கிக்கொண்டு நின்ற ஒருத்தன், முன்பின் தெரியாதவன், வேப்பங்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினான்.

"ஏய்! யாருடா அது? என் பரிசல் கட்டின முளையைத் தூக்கிக்கிட்டுப் போறீங்க! கண்ணு தெரியலையா?"

அவள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். ரெண்டு கரைக்கும் கேட்கிற குரலில் திருப்பிக் கத்தினாள்.

"எழுதிக் குடுய்யா!"